சுவான்ஜோவில் கடலம்மா சிரித்தாள்

எனக்குக் கோவையாக எழுத வராது. படித்தது ஐந்தாம் வகுப்பு. அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் மளிகைச் சாமான் சீட்டும் கல்யாணப் பத்திரிகை உறையில் பெயரும்தான். போதாததற்கு மறதி வேறு. காலையில் பார்த்ததைச் சாயங்காலம் மாற்றிச் சொல்வேன் என்று என் மகளே சொல்வாள். ஷார்ஜாவில் எங்களுக்குப் பழக்கமான தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து பொங்கலுக்கு ஒரு மலர் போடுகிறார்கள். சீனா போய்வந்ததைப் பற்றி எழுதிக் கொடுங்கள் என்று என்னைக் கேட்டார்கள். போனது நான் மட்டும் இல்லை, என் சம்பந்தியம்மாவும்தான். அவர் பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்தவர், அழகாக எழுதுவார். ஆனால் அவரிடம் போய்க் கேட்க எல்லோருக்கும் பயம். அதனால் இது என் தலையில் விழுந்தது. பிழையைப் பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. என் மகள் வனிதா, மருமகன் செந்தில், பேத்தி யாழினி. செந்திலின் அம்மாதான் சம்பந்தியம்மா, கோபிச்செட்டிபாளையத்துக்காரர். நான் மன்னார்குடிப் பக்கம். எங்கள் இருவருக்கும் வீட்டுக்காரர் இல்லை. இரண்டு வருஷமாக ஷார்ஜாவில் பிள்ளைகளோடு இருந்தோம், ஆளுக்கு ஓர் அறை. செந்திலுக்கு டியூட்டி துபாயில், அல் கூஸில். காலையும் மாலையும் ரோட்டிலேயே பொழுது போகிறது என்று ஷார்ஜாவிலேயே துபாய் எல்லையை ஒட்டி வீடு பார்த்தார்கள். அது சின்ன வீடு. படுக்கையறை இரண்டுதான். ஒன்று அவர்கள் மூன்று பேருக்கு. மற்றது ஓர் அம்மாவுக்கு. அப்படியென்றால் இன்னோர் அம்மா ஊருக்குப் போக வேண்டும்.

யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலே மூன்று வாரம் ஓடியது.

சாப்பிடும்போது சம்பந்தியம்மா சொல்வார்: "நான் போயிக்கறனுங்க. எனக்கென்னுங், தோட்டம் கெடக்குது, காத்து கெடக்குது. ஊரு மாதிரி வருமுங்களா?"

"இல்லீங்க, நான் போறேன். நீங்க இருங்க. உங்க புள்ளை வீடு" என்பேன் நான்.

சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நிற்பேன். எனக்குப் போக மனசே இல்லை. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஊரில் சாயங்காலம் நான் தெருவில் இறங்கினால், எங்கே கிளம்பிட்டீங்க என்று நாலு பேர் கேட்பார்கள். ஷார்ஜாவில் பூங்காவைச் சுற்றி மூன்று சுற்று நடப்பேன், ஒருவரும் கேட்கமாட்டார்கள். கீழ்வீட்டு ஃபிலிப்பினோ அம்மா கையை ஆட்டுவாள், நானும் ஆட்டுவேன். எனக்கு அது பிடித்துப்போய்விட்டது.

இந்தச் சமயத்தில்தான் செந்திலின் கம்பெனி அவரைச் சீனாவில் ஒரு ஃபாக்டரிக்கு மெஷின் பார்க்க அனுப்பியது. பக்கத்திலேயே சுவான்ஜோ என்று ஒரு பழைய துறைமுகப் பட்டணம் இருக்கிறதாம். "ரெண்டு அம்மாவையும் கூட்டிட்டு ஒரு ட்ரிப் போயிரலாம். அப்பறம் சேர்ந்து போறது எப்ப வாய்க்குமோ" என்றார். அந்த 'அப்பறம்' என்ற சொல் எங்கள் இருவருக்கும் புரிந்தது. சம்பந்தியம்மா தண்ணீர் குடித்தார். நானும் குடித்தேன்.

போய் இறங்கிய அன்று வெயில் இல்லை, தூறல். ஷார்ஜாவில் வருஷத்துக்கு இரண்டு நாள் மழை பெய்தால் பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுகிறார்கள். இங்கே குடை பிடித்துக்கொண்டே காய்கறி வாங்குகிறார்கள். வீடுகள் செங்கல் சிவப்பு. கூரையின் இரண்டு முனையும் புறாவின் வால்போல மேலே தூக்கிக்கொண்டு நிற்கின்றன.

ஹோட்டலில் ஒரு சங்கடம். எங்களுக்கு மூன்று அறை கேட்டிருந்தார்கள், இருந்தது இரண்டு. செந்தில் அந்தக் கௌண்டர் பெண்ணிடம் பேசிப் பார்த்துவிட்டு வியர்க்க வியர்க்க வந்தார். "மூணாவது ரூம் மாஃபிம்மா. இன்னைக்கு ஒரு நாள் மட்டும் நீங்க ரெண்டு பேரும்..." என்று இழுத்தார். மாஃபி என்றால் அரபியில் இல்லை.

சம்பந்திகள் ஒரே அறையில் படுப்பது எங்கள் பக்கத்திலும் இல்லை, அவர்கள் பக்கத்திலும் இல்லை. பெண்ணைக் கொடுத்தவளும் எடுத்தவளும் நெருங்கிப் பழகினால் மரியாதை தேய்ந்துவிடும் என்பார்கள். இரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவர் அறை வாசலைத் தாண்டி நான் உள்ளே போனதில்லை. இப்போது இரண்டு கட்டிலுக்கும் நடுவே ஒரு முழம்தான் இடம்.

காலையில் நான் எழுந்துவிட்டேன், ஆனால் அவர் தூக்கம் கெடுமே என்று அசையாமல் படுத்திருந்தேன். வெகுநேரம் கழித்து அவர் குரல் வந்தது. "ஏனுங்க சம்பந்தி, முழிச்சுட்டுத்தான படுத்திருக்கறீங்?"

"ஆமாங்க."

"நானும் ஒரு மணி நேரமா இப்படித்தானுங்க. முதுகு வலிக்குது. எந்திரிங்க."

எழுந்து உட்கார்ந்தோம். "நாங் கொறட்டை விட்டனுங்களா?" என்றார்.

"இல்லீங்க."

"பொய்யி. எம் பையன் அடுத்த ரூம்ல இருந்தே கேக்கும்பான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். கண்ணாடி போடாததால் சரியாகத் தெரியவில்லை. மூன்றாவது அறை அதற்குப் பிறகும் கிடைக்கவே இல்லை.

சாப்பாடு. காலையில் சேமியாவை விட மெல்லிய மாவு நூலைக் கரைத்துக் கஞ்சி மாதிரி ஒன்று தருகிறார்கள். நான் மீன் சாப்பிடுகிறவள், எனக்குப் பிரச்சினை இல்லை. சம்பந்தியம்மா சைவம். அவருக்கு வேர்க்கடலையை வெண்ணெயாகக் குழைகிறவரை வேகவைத்து, இனிப்புப் போட்ட சூப் கிடைத்தது. இரண்டு கிண்ணம் குடித்தார். இன்னொரு கடையில் கண்ணாடி மாதிரி ஜெல்லி. உள்ளே நரை நரையாக ஏதோ தெரிந்தது. காளானா என்று வனிதா கேட்டாள். கடற்கரை மணலில் தோண்டி எடுக்கும் புழுவாம். செந்தில் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு "நல்லாத்தான் இருக்குது" என்றார். சம்பந்தியம்மா அன்று முழுக்க மகன் பக்கத்தில் உட்காரவில்லை.

பெரிய புத்தர் கோயிலுக்குப் போனோம். முற்றத்தில் இரண்டு கல் கோபுரங்கள், ஆலமரங்கள். சந்நிதிக்குப் பின்னால் ஒரு தூணருகே வழிகாட்டிப் பெண் எங்களை நிறுத்தினாள். நான் சும்மா பார்த்துக்கொண்டிருந்தவள், கிட்டே போய்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். நரசிம்மர். மடியில் இரணியன். இன்னொரு பக்கம் இரண்டு மரத்துக்கு நடுவில் குழந்தைக் கண்ணன். கும்பிட்டுவிட்டேன். பல நூறு வருஷத்துக்கு முன்னால் கப்பலில் வியாபாரத்துக்கு வந்த நம் ஆட்கள் இங்கே ஒரு கோயில் கட்டியிருந்தார்களாம். அது போய்விட்டது, கல்லை எடுத்து இங்கே நிறுத்தியிருக்கிறார்கள். வழிகாட்டிப் பெண் சொன்னதை வனிதா தமிழில் சொன்னாள்.

"அப்ப நம்மாளுங்களும் இங்க ரூம் போட்டுத்தான் இருந்திருப்பாங்க" என்றார் செந்தில்.

"லீவுக்கு ஊருக்குப் போயிட்டு வந்திருப்பாங்களா?" என்று நான் கேட்டேன்.

"சில பேர் திரும்பவே இல்லைம்மா. இங்கேயே இருந்துட்டாங்க" என்றாள் வனிதா. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அடுத்த தூணுக்கு நகர்ந்தோம்.

அதைவிட அதிசயம் மறுநாள். ஊர் நடுவே, கூரை இல்லாத ஒரு பழைய கல் மசூதி. சுவரெல்லாம் அரபி எழுத்து. ஷார்ஜாவில் தினம் பார்க்கும் எழுத்து, சீனாவில் கல்லில். யாழினி பள்ளிக்கூடத்தில் அரபி படிக்கிறாள். தமிழில் தன் பெயரை எழுதத் தெரியாது அவளுக்கு. ஆனால் அந்தக் கல்லில் விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு சீனக் கிழவர் எழுந்து வந்து அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அவள் விட்ட எழுத்தைச் சொல்லிக்கொடுத்தார். நாம் பிழைக்க அரபு நாட்டுக்குப் போகிறோம். அவர்கள் ஒரு காலத்தில் பிழைக்க இங்கே வந்திருக்கிறார்கள். இதை நினைத்துக்கொண்டு நிற்கையில் எனக்கு ஏனோ மனசு லேசானது.

அன்று மாலை கடலோரத்தில் மீனவர் கிராமம் ஒன்றுக்குப் போனோம். வீட்டுச் சுவரெல்லாம் சிப்பி ஓட்டை அடுக்கிக் கட்டியது. அங்கே பெண்கள் கொண்டையைச் சுற்றி வட்ட வட்டமாகப் பூ வைக்கிறார்கள். தொண்ணூறு வயசு இருக்கும், பல் இல்லாத ஒரு கிழவி வாசலில் சிப்பி உடைத்துக்கொண்டிருந்தாள், தலை நிறைய மல்லிகை. வீட்டுக்காரர் செத்துப் பல வருஷமாம். யாழினிக்குப் பூ வைத்தார்கள். எங்களுக்கும் வைக்க வந்தார்கள், வேண்டாம் என்று இருவரும் தலையை ஆட்டினோம். ஆனால் அந்தக் கிழவியைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றோம்.

அதற்கு அடுத்த நாள் செந்தில் ஃபாக்டரிக்குப் போய்விட்டார். யாழினிக்கு வயிறு சரியில்லை, வனிதா அவளோடு ஹோட்டலில் இருந்துவிட்டாள். இரண்டு ஸ்டாப் தள்ளிப் பழக்கடை இருக்கிறது, வாழைப்பழம் வாங்கி வருகிறோம் என்று நாங்கள் இருவரும் கிளம்பினோம். அந்த ஊரில் வெள்ளை நிறத்தில் பொம்மை மாதிரி ஒரு பேட்டரி பஸ் ஓடுகிறது. ஏறினோம். அங்கே எதற்கும் ஃபோனைக் காட்ட வேண்டும். ஒரு பெண் எங்களுக்கும் சேர்த்துக் காட்டினாள்.

இரண்டு ஸ்டாப் போயிற்று, பழக்கடை வரவில்லை. நாலு போயிற்று. நான் டிரைவரிடம் "பாய், ரோக்கோ, ரோக்கோ" என்றேன். வெளியாளைப் பார்த்தாலே எனக்கு இந்திதான் வருகிறது. சம்பந்தியம்மா ஒரு படி மேலே போய், போதும் என்பதை அரபியில் "கலாஸ், கலாஸ்" என்றார். டிரைவர் பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு இன்னும் வேகமாக ஓட்டினாள். எதிர்த்திசை பஸ்ஸில் ஏறியிருக்கிறோம். கடைசி ஸ்டாப்பில் எல்லோரும் இறங்கினார்கள், நாங்களும் இறங்கினோம். எதிரே ஒரு கோயில்.

"ஹோட்டல் கார்டு பையில இருக்குதுங்க, பயப்படாதீங்க" என்றார் சம்பந்தியம்மா. அவர் கைதான் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

கோயிலில் கடலைக் காக்கும் அம்மன். கப்பலில் போகிறவர்கள் நல்லபடியாகத் திரும்பிவர வேண்டும் என்று கும்பிடுவார்களாம். இதெல்லாம் சம்பந்தியம்மாவின் ஃபோன் சொன்னது. வனிதா அதில் ஒன்று போட்டுக் கொடுத்திருந்தாள். சீனத்தில் பேசினால் அது தமிழில் சொல்லும், ஆம்பிளைக் குரலில், செய்தி வாசிக்கிற மாதிரி.

அம்மன் முன்னால் ஜனங்கள் முட்டி போட்டுக்கொண்டு இரண்டு மரத்துண்டைத் தரையில் போட்டுப் பார்த்தார்கள். பிறை மாதிரி வடிவம், செம்மண் சிவப்பு. ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் புடைப்பு. போட்டுவிட்டு எப்படி விழுந்தது என்று பார்க்கிறார்கள். சிலர் சந்தோஷமாக எழுகிறார்கள், சிலர் மறுபடி போடுகிறார்கள்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. "இது நம்ம பூக்கட்டிப் பாக்கிற மாதிரிங்க. சாமிகிட்ட உத்தரவு கேக்குறாங்க" என்றேன். எங்கள் பக்கத்தில் சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியே பொட்டலம் கட்டி, சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுப்போம்.

சம்பந்தியம்மா அந்தக் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "கேட்டுப் போடலாமுங்களா?" என்றார்.

என்ன கேட்பது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இருவருக்கும் தெரியும்.

"ரெண்டு கட்டை இருக்குது. ஒண்ணு நீங்க, ஒண்ணு நானு" என்று அவரே ஏற்பாடு செய்தார். "எது குப்புற விழுகுதோ அவிய ஷார்ஜாவுல இருக்கோணும். எது மல்லாக்க விழுகுதோ அவிய ஊருக்கு. சரியுங்களா?"

சரி என்றேன். ஆளுக்கு ஒரு கட்டையை எடுத்துக்கொண்டோம். கண்ணை மூடி ஒன்றாகப் போட்டோம். திறந்து பார்த்தால் இரண்டும் தட்டை மேலே தெரிய மல்லாந்து கிடந்தன.

"ரெண்டு பேரும் போகோணுமா?" என்றார் சம்பந்தியம்மா. குரல் அவர் குரலாகவே இல்லை.

பக்கத்தில் சிவப்பு மேல்சட்டை போட்டு, வருகிறவர்களுக்கு ஊதுபத்தி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களை விடக் கொஞ்சம் சின்னவள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சம்பந்தியம்மா ஃபோனை அவள் வாயருகே நீட்டினார். ஃபோன் சொன்னது: "தெய்வம் சிரிக்கிறது."

இரண்டு தட்டையும் மேலே பார்த்தால் அம்மன் சிரிக்கிறாள் என்று அர்த்தமாம். ஏன் சிரிக்கிறாள்? கேள்வி சரியில்லையாம். ஆளுக்கொரு கட்டை என்று பிரித்துக்கொள்ளக் கூடாதாம். ஒருத்தர், இரண்டு கட்டை, ஒரே கேள்வி. ஒன்று தட்டையும் ஒன்று புடைப்புமாக விழுந்தால் 'ஆம்'. இரண்டும் புடைப்பாக இருந்தால் 'இல்லை'. தன் பெயர், பிறந்த நாள், வீடு எல்லாம் சொல்லி, தனக்கு என்ன வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டும். "அடுத்தவருக்கு என்ன வேண்டும் என்று நீங்கள் சாப்பிடக் கூடாது" என்றது ஃபோன். கேட்கக் கூடாது என்பதைத்தான் அது அப்படிச் சொன்னது போல.

மாப்பிள்ளையைப் பெற்றவர் என்பதால் சம்பந்தியம்மா முதலில் முட்டி போட்டார். "அம்மா, எம் பேரு ருக்மணி" என்று ஆரம்பித்தார். இரண்டு வருஷத்தில் அவர் பெயரை அவர் வாயால் நான் கேட்டது அன்றுதான். "நச்சத்திரம் உத்திராடமுங்க. வீடு ஷார்ஜாவுல" என்றவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "வெலாசம் என்னுங்க?"

எங்களுக்கு எங்கே விலாசம் தெரியும். சாமான் கொண்டுவருகிற ஆளுக்குச் சொல்கிற மாதிரி நான்தான் சொல்லிக்கொடுத்தேன். "பெட்ரோல் பங்க் தாண்டி ரெண்டாவது சிக்னல், மருந்துக்கடைக்கு மேல, நாலாவது மாடி."

"பாத்துக்கம்மா" என்றார் அம்மனிடம். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "நான் போகமாட்டனுங்க. எனக்கு அங்கயே இருக்கோணும். தோட்டமும் வேண்டாம் காத்தும் வேண்டாம். அந்தப் பெரிய வூட்டுல ஒத்தையில என்னால முடியாது."

போட்டார். ஒன்று தட்டை, ஒன்று புடைப்பு. சிவப்புச் சட்டைக்காரம்மா கை தட்டினாள்.

நான் அப்படியே நின்றேன். தினமும் தோட்டம், காற்று என்று சொன்னவர். அவரும் என்னைப் போலத்தான் குழாயைத் திறந்துவிட்டு நின்றிருப்பார் போல. அவருக்குக் கிடைத்துவிட்டது. இனி நான் கேட்டு என்ன ஆகப்போகிறது, எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. கேட்டுவிட்டு இல்லை என்று வருவதை விடக் கேட்காமல் இருப்பது எனக்குப் பழக்கமானது.

"முட்டி போடுங்க" என்றார் சம்பந்தியம்மா.

"வேண்டாங்க. அதான் உங்களுக்கு..."

"உங்குளுக்கு என்ன வேணும்னு ஒரு நாளாச்சும் வாயத் தொறந்து சொல்லியிருக்கறீங்களா? எனக்கும் கேக்கோணும். போடுங்க."

முட்டி போட்டேன். "என் பேரு தையல்நாயகி" என்றேன். சத்தம் வரவில்லை. மறுபடி சொன்னேன். திருவோணம் என்றேன். விலாசம் அதேதான் என்றேன். பிறகு, "நானும் இருக்கணும்மா. எனக்கு அந்த ஊரு புடிச்சிருக்கு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். காது இரண்டும் சுட்டது.

போட்டேன். ஒன்று தட்டை மேலே பார்த்து விழுந்தது. மற்றது உருண்டு போய், முட்டி போடும் மெத்தையின் ஓரத்தில் சாய்ந்து நின்றுகொண்டது. படுக்கவும் இல்லை, கவிழவும் இல்லை. சிவப்புச் சட்டைக்காரம்மா குனிந்து பார்த்தாள், தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தாள், பிறகு என் தோளில் தட்டி என்னமோ சொன்னாள். ஃபோனில் அப்போது சார்ஜ் போய்விட்டது. ஆனால் சிரித்த முகமாகத்தான் சொன்னாள்.

எங்களை உட்காரவைத்து, கட்டைவிரல் அளவு கிண்ணத்தில் ஏதோ ஊற்றினாள். "தே, தே" என்றாள். குடித்துப் பார்த்தால் பால் இல்லாத தேயிலைத் தண்ணீர். நாம் தேயிலை, தேத்தண்ணி என்கிறோமே, அந்தத் 'தே'யை அந்த ஊரில் அப்படியே சொல்கிறார்கள். கப்பலில் வந்தவர்கள் கொண்டுபோனதா, அவர்கள் கொடுத்து அனுப்பியதா, எனக்குத் தெரியாது.

"ரெண்டு பேருக்கும் ஆமாம்னுட்டா" என்றார் சம்பந்தியம்மா. "அம்மாளுக்கு வூட்டுல எத்தனை ரூம்னு தெரியல போல."

கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நான் சொன்னேன், "ஹோட்டல்ல மூணு நாளா ஒரே ரூம்லதானே இருக்கோம்."

அவர் இரண்டாவது கிண்ணம் குடித்தார். மூன்றாவதும் குடித்தார். பிறகு, "ஜன்னல் பக்கத்துக் கட்டிலு எனக்கு" என்றார்.

கார்டைக் காட்டிக் கேட்டுக் கேட்டு, வாழைப்பழத்தோடு ஹோட்டல் வந்து சேர்ந்தோம். சாயங்காலம் எல்லோரும் இருக்கும்போது அவர்தான் சொன்னார். செந்தில் திகைத்துப்போனார். "ரெண்டு சம்பந்தியும் ஒரே ரூம்லயாம்மா? ஊர்ல கேட்டா என்ன சொல்லுவாங்க?"

"ஊரு இங்கயாடா இருக்குது? கலாஸ், பேச்சு முடிஞ்சுது. வாழைப்பழத்தைத் தின்னு" என்றார். வனிதா எழுந்து குளியலறைக்குள் போனாள். குழாய்ச் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. பாவம், மூன்று வாரம் அவளும்தான் தூங்கியிருக்கமாட்டாள்.

நாங்கள் புது வீட்டுக்கு வந்து நாலு மாசம் ஆகிறது. ஜன்னல் பக்கத்துக் கட்டில் அவருக்குத்தான். குறட்டை உண்மைதான்.

இனி ஒரு வேண்டுகோள். கோயில் பெயர், தெருப் பெயர் எல்லாம் விட்டுவிட்டேன். ஊர் பெயரைச் சரியாக எழுதினேனா என்றும் தெரியாது. மலர் போடுகிறவர்கள் திருத்திக்கொள்ளவும். அதைவிட முக்கியமான விஷயம், என் கட்டை. சம்பந்தியம்மா அது கவிழ்ந்து 'ஆம்' ஆகத்தான் போயிற்று, என் புடவைத் தலைப்பு பட்டு நின்றுவிட்டது என்கிறார். தலைப்பு படவே இல்லை என்கிறேன் நான். தினமும் இதே பேச்சு. கட்டை சாய்ந்து நின்றால் ஆமா, இல்லையா, அம்மன் சிரித்ததாக அர்த்தமா என்று சீனா பக்கம் போய்வருகிறவர்கள் யாராவது விசாரித்துச் சொல்ல வேண்டும். 'இல்லை' என்று தெரியவந்தால் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் மூன்று மணிக்குள் எனக்கு ஃபோன் செய்யுங்கள். சம்பந்தியம்மா அப்போதுதான் தூங்குவார்.